முசியே ஷூவின் மஞ்சள் காமாலை

"நோயாளி நடப்பாரா, தூக்கி வரணுமா?" என்று சர்க்கார் ஆசுபத்திரியின் முகப்பு மேசையில் இருந்த அம்மாள் என்னை ஒருமுறை கேட்டாள்.

நான் கையிலிருந்த துணிப்பையைச் சற்று உயர்த்திக் காட்டினேன். பைக்குள் ஒரு கோஸ் செடி இருந்தது, வேரோடும் வேரில் ஒட்டிய மண்ணோடும். அவள் பையைப் பார்த்துவிட்டு, "துணிமணியெல்லாம் அப்புறம். ஆளு எங்க?" என்றாள்.

ஒரு கோஸ் செடி ஆசுபத்திரி வரைக்கும் எப்படி வந்தது என்பதை மார்கழியிலிருந்து சொல்ல வேண்டும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழி. பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர்களுடைய காகிதங்கள் போகவில்லை.

உழவர்கரையில் எங்களுக்கு ஒரு காணி குத்தகை நிலம் இருந்தது. என் அப்பா சின்னக்கண்ணு ஒரு மில்லில் பகல் முறை வேலை பார்த்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது என் அம்மா குஞ்சம்மாள். அந்தப் பக்கத்தில் கத்தரியும் கீரையும் போடுகிறவர்கள்தான் அதிகம். அம்மா மூன்று வருஷமாகக் குளிர்காலத்தில் கோஸ் போட்டு வந்தாள். கார்த்திகையில் நாற்று நட்டால் தைக் கடைசியில் வெட்டலாம்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் மேற்கோரப் பாத்தியில் ஒரு செடியின் இலைகள் மஞ்சளாயின. எல்லா இலையும் அல்ல, ஒரு பக்கத்து இலைகள் மட்டும். நடு நரம்பு அந்தப் பக்கமாகவே வளைந்து, செடி யாரையோ பார்த்து முகம் கோணிக்கொண்டதுபோல நின்றது. அம்மா இலையைத் திருப்பிப் பார்த்தாள், புழு இல்லை. மண்ணைக் கிளறினாள், பூச்சி இல்லை. தண்டைக் குறுக்கே அறுத்தாள். வெளியே பச்சையாக இருந்த தண்டின் உள்ளே வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. நீளவாக்கில் பிளந்தபோது அவை கோடுகளாகி இலைவரைக்கும் போயின. ஒரு வாரத்தில் அந்தப் பாத்தி முழுதும் அப்படி ஆனது.

நிலத்துக்காரர் பாரீசில் இருந்தார். அவருடைய காரியங்களை இங்கே பார்த்துக்கொண்டவர் ஜானகிராமன். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்து பாத்தியைப் பார்த்தார்.

"தண்ணி பாய்ச்சலியா?"

"நேத்துகூட பாய்ச்சினேங்க. இது நோவுங்க."

"எல்லாரும் நோவுன்னுதான் சொல்லுவாங்க. பாரீசுல இருக்கறவருக்கு நான் இன்னான்னு எழுதறது? நோவுன்னா நோவோட பேரு போட்டு சர்க்கார் காகிதம் ஒண்ணு வாங்கியா. அது இருந்தா அடுத்த வருஷமும் நிலம் உங்க கையிலதான். இல்லேன்னா பயிரை கவனிக்காம காய வுட்டதா அர்த்தம். குத்தகைச் சீட்டுல அப்படித்தான் இருக்குது. மாசி ஒண்ணாந்தேதி அளந்து வேற ஆளுக்கு குடுத்துடுவேன்."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு பெயர்தான் கேட்டார்.

அம்மா என்னையும் உடன் அழைத்துக்கொண்டாள். பிரெஞ்சுப் பெண்கள் பள்ளியில், ஆரம்பப் படிப்பு முடித்ததற்குச் சான்று தரும் செர்த்திபிகா பரீட்சைக்கு முந்தின வகுப்பு வரை நான் படித்திருந்தேன். பரீட்சை வருஷம் நின்றுவிட்டேன். எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்வார்கள் என்பது தவிர அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆனால் காகிதத்தில் இருப்பதை மெதுவாக அம்மாவின் காதில் படித்துச் சொல்ல எனக்குத் தெரியும்.

வேளாண்மை ஆபீசு கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. அதிகாரி பலராமன் கடலூர்ப் பக்கத்துக்காரர், விவசாயக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அம்மா பையிலிருந்து செடியை எடுத்து மேசைமேல் வைத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேனாக் கத்தியால் தண்டை அறுத்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"இது பூஞ்சை. மண்ணுல இருக்கும். வேர் வழியா ஏறி, தண்ணி ஓடற நரம்பை அடைச்சுடும். ஒரு பக்கம்தான் மஞ்சளாகுதா?"

"ஆமாங்க."

"நரம்பு கோணுதா?"

"ஆமாங்க."

"அப்ப சந்தேகமே இல்லை."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாங்கள் உள்ளே வந்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

"அப்ப அதை எழுதிக் குடுத்துடுங்க ஐயா" என்றாள் அம்மா.

பலராமன் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். முகத்தில் இருந்த மலர்ச்சியும் அதோடு உள்ளே போய்விட்டது.

"அம்மா, பொறுமையா கேளுங்க. புதுச்சேரி இந்தியாவோட சேர்ந்தாச்சு. ஆனா அது நடைமுறையில. சட்டப்படி இன்னும் சேரலை. நான் இந்திய சர்க்கார் ஆளு. உங்க செடி பிரெஞ்சு சட்டத்துல நிக்குது. அதுக்கு இன்னா நோவுன்னு எனக்குத் தெரியும். தெரியும்னு எழுத எனக்கு அதிகாரம் இல்லை."

"யாருக்குங்க இருக்குது?"

"அதிகாரம் இருக்கறவருக்கு நோவு தெரியாது. அதுக்குத்தான் ஒரு வழி வச்சிருக்கோம்."

அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை இறக்கினார். பயிர்களுக்கு என்னென்ன நோய்கள் வரலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் போட்டிருந்த உத்தரவு அது. அதில் இல்லாத நோய் வந்தால் வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. அதிர்ஷ்டவசமாக எங்கள் நோய் அதில் இருந்தது. 'ழோனிஸ் த்யு ஷூ' என்று எழுத்துக்கூட்டிப் படித்தார் பலராமன். ழோனிஸ் என்றால் மஞ்சள் நோய்; மனிதருக்கு வரும் காமாலைக்கும் அதே சொல்தான். ஷூ என்றால் கோஸ். அது எனக்கும் தெரியும். பள்ளியில் முதல் வருஷத்துப் பாடப் புத்தகத்தில் ஒரு கோஸின் படமும் கீழே அந்தச் சொல்லும் உண்டு.

அவர் அதை ஒரு காகிதத்தில் அழகாக எடுத்து எழுதினார். புத்தகத்தில் எல்லாம் சின்ன எழுத்தில் இருந்தன. அவர் பயிரின் பெயருக்கு மட்டும் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டார்.

"பயிருக்கு ஒரு மரியாதை. எங்க காலேஜ் பழக்கம்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இதை மொழிபெயர்ப்பு ஆபீசுல தமிழ் பண்ணி முத்திரை போட்டுட்டு வந்தா, கீழ நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

"அதுவரைக்கும் மஞ்சளான செடியப் புடுங்கிடட்டுங்களா? மேல் பாத்தித் தண்ணி கீழ் பாத்திக்கு ஓடுது."

"புடுங்கணும். இன்னிக்கே புடுங்கி எரிக்கணும். அந்த வாய்க்காலையும் மறிச்சுடணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா புடுங்கிடாதீங்க. நோவுன்னு முடிவாகாத செடிய எரிச்சா, சாட்சிய அழிச்சதா ஆயிடும். நாளைக்கு யாராவது வந்து பார்த்தா அங்க செடி இருக்கணும். உயிரோட இருந்தா இன்னும் நல்லது."

அன்றிலிருந்து அம்மா சாட்சிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினாள்.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்த அப்பா, "பேரு கெடச்சுதா?" என்று கேட்டார்.

"கெடச்சுது. தமிழ்ல மாத்தணுமாம்" என்றாள் அம்மா.

மொழிபெயர்ப்பு ஆபீசில் ஆறாம் நாள்தான் எங்கள் முறை வந்தது. அதற்குள் இரண்டாம் பாத்தியும் கோணத் தொடங்கியிருந்தது. அங்கே துபாஷி நாராயணசாமி இருந்தார். முப்பது வருஷம் கோர்ட்டில் பிரெஞ்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்தவர், அதில் பதினொரு வருஷம் வியட்நாமின் சைகோனில். வெள்ளைக் கோட்டு, மேசைமேல் கவிழ்த்து வைத்த தொப்பி. அவரை எல்லாரும், ஐயா என்பதற்குப் பிரெஞ்சில், முசியே என்று அழைத்தார்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறைதான் பார்த்தார். தயக்கமே இல்லாமல் தமிழில் எழுதி, மையொற்றி, முத்திரை குத்தினார்.

"படிச்சுக் காட்டுங்க முசியே" என்றாள் அம்மா.

அவர் கோர்ட்டில் படிப்பதுபோலப் படித்தார். "ஷூ என்னும் கனவானுக்குக் கண்டிருக்கும் மஞ்சள் காமாலை."

அம்மா கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்தாள்.

"ஷூங்கறது யாருங்க? செருப்புப் பேரு மாதிரி இருக்குது."

"நோயாளி."

"செடிங்களே முசியே."

"செடிக்குக் காமாலை வருமா?"

"அதைத்தாங்க நாங்க கேக்க வந்தோம்."

அப்போது நான் பேசினேன். அந்த வருஷம் முழுவதிலும் வெளியாள் ஒருவரிடம் நானாகப் பேசியது அதுதான். "ஷூன்னா கோசுங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் துபாஷிக்குக் காது கூர்மை.

"நீ இன்னா படிச்ச?"

"செர்த்திபிகாவுக்கு முந்தின வகுப்புங்க."

"செர்த்திபிகா வாங்கினியா?"

"இல்லீங்க."

"அப்ப உனக்கு பிரெஞ்சு தெரியாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பி, அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"சின்ன எழுத்துல இருந்தா கோசு. எனக்குத் தெரியாதா? நேத்து மத்தியானம் அதைத்தான் தின்னேன். ஆனா இது பெரிய எழுத்து. வாக்கியத்து நடுவுல பெரிய எழுத்து வந்தா அது ஆளு. ஆளு பேரை மொழிபெயர்க்கக் கூடாது. முப்பது வருஷத்துல குத்தவாளி, சாட்சி, வாதி, பிரதிவாதி எத்தனை ஆயிரம் பேரு. அதுல ஒருத்தரையும் நான் காய்கறி ஆக்கினது கெடையாது. சைகோன்ல இந்தப் பேருல மட்டும் எனக்கு மூணு பேரைத் தெரியும். மூணு பேரும் கண்ணியமானவங்க."

"அந்த வேளாண்மை ஐயாவை சின்ன எழுத்துல எழுதித் தரச் சொல்லட்டுங்களா?" என்றாள் அம்மா.

"சொல்லலாம். அது புது மனு. ஒரே விஷயத்துல பழைய மனு முடியாம புது மனு எடுக்க மாட்டோம்."

"பழைய மனு எப்ப முடியுங்க?"

"முசியே ஷூவுக்குக் குணமானா முடியும்" என்றார். "இல்லேன்னா..." என்று ஆரம்பித்து, நல்லவேளையாக நிறுத்திக்கொண்டார்.

பலராமனிடம் திரும்பிப் போனோம். அவர் தமிழைப் படித்துவிட்டு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"செடியா இருந்த வரைக்கும் அது என் இலாகா. இப்ப ஆளா ஆயிட்டாரு. காமாலைன்னு முத்திரையோட வந்த காகிதத்தை நான் சுகாதார இலாகாவுக்கு அனுப்பாம வச்சிருந்தா என் வேலை போயிடும்மா. தொத்து நோவு பாருங்க. இந்தக் காகிதத்தோட நீங்க முதல்ல ஆசுபத்திரியில நோயாளியப் பதியணும்."

"ஐயா, இதே மேசையிலதானே அறுத்துப் பாத்தீங்க."

"பார்த்தேன். அதை மறக்க மாட்டேன். ஆனா ஞாபகத்தைக் கோப்புல சேர்க்க முடியாது."

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார், "பேரு கெடச்சுதா?"

"கெடச்சுது" என்றாள் அம்மா. "வேற யாரோ பேரு."

இப்படித்தான் தை மூன்றாம் தேதி நாங்கள் ஆசுபத்திரி மேசைக்கு வந்து நின்றோம். முகப்பு மேசை அம்மாளின் பெயர் செல்வாம்பாள். அவள் முன்னால் நீளமான பதிவேடு இருந்தது. கட்டம் கட்டமாக இருந்த அதில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது சட்டம். எங்களுக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். அவளிடம் அம்மா முதலில் உண்மையைத்தான் சொன்னாள். "இது கோசு செடிங்கம்மா."

"பையில இருக்கறதைக் கேக்கல. நோயாளி பேரு ஷூவா இல்லியா?"

இல்லை என்றால் காகிதம் திரும்பிப் போகும். திரும்பிப் போனால் எங்கே போகும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"ஷூதாங்க" என்றாள் அம்மா.

"வயசு?"

"அறுவது நாளு..."

"அறுபது" என்று எழுதிக்கொண்டாள் செல்வாம்பாள். "எங்க தங்கியிருக்காரு?"

"எங்க நிலத்துலதாங்க. மேற்கோரம்."

"இன்னா சாப்பிடறாரு?"

"எருவுங்க. நடுவுல ஒரு தரம் கடலைப் புண்ணாக்கு வச்சேன்."

செல்வாம்பாள் பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "காமாலைக்காரருக்குப் புண்ணாக்கா? ஏம்மா, பொம்பளையா நீ? எண்ணெய்ப் பண்டம் கிட்டவே போகக் கூடாது. மோர் குடு. கீழாநெல்லி அரைச்சுக் குடு. தூங்கறாரா?"

"படுக்கறதே இல்லீங்க. ராவும் பகலும் நின்னபடியேதான்."

"பாவம்" என்றாள் செல்வாம்பாள். அந்த ஒரு மாதத்தில் யாராவது எங்கள் பயிருக்காக இரக்கப்பட்டது அப்போதுதான்.

ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, நோயாளியின் சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னாள். அம்மா மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் மேல் பாத்தி வாய்க்காலில் குப்பியை அமிழ்த்தி எடுத்து, மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாரக் கடைசியில் முடிவு வந்தது. 'உப்பு சற்று அதிகம். மற்றபடி குறை இல்லை.' எங்கள் கிணற்றைப் பற்றி அது முழுக்க உண்மை. அந்த விவகாரத்தில் எங்களுக்குக் கிடைத்த சரியான காகிதம் அது ஒன்றுதான். அதை எதற்கும் பயன்படுத்த முடியவில்லை.

தை பதினைந்தாம் தேதி சுகாதார இன்ஸ்பெக்டர் காத்தவராயன் நான்கு ஆட்களோடு வந்தார். கையில் சுண்ணாம்புத் தூள் வாளிகள். எங்கள் வீட்டுக் கதவில் 'இவ்வீட்டில் தொற்று நோய் உள்ளது' என்று அச்சடித்த தாளை ஒட்டினார்கள். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி அத்தை அன்று முதல் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். தெருவில் கூடியவர்களுக்கு இன்ஸ்பெக்டர் ஒரு பிரசங்கம் செய்தார்.

"யாரும் பயப்படாதீங்க. எங்க இலாகா தூங்கல. கோப்பு வந்தது இன்னிக்குக் காலையில. கெளம்பினது இன்னிக்குக் காலையில. இந்தியாவுலயே இவ்வளவு சுறுசுறுப்பு வேற எங்கயும் கெடையாது. நோவு ஒரு மாசம் முந்தியே வந்துடுச்சுன்னு சொல்றாங்க. இருக்கலாம். கோப்பு வர்றதுக்கு முந்தி நோவு வந்தா அது நோவோட தப்பு. எங்க தப்பு ஆவாது. நோவுக்கும் ஒரு முறை இருக்குது இல்லியா?"

கூட்டத்தில் ஒருவர் ஆமாம் என்றார்.

"நோயாளி எங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நிலத்துல" என்றாள் அம்மா.

நிலத்துக்கு வந்தார்கள். முந்தின நாள் பாய்ச்சிய ஈரம் இருந்தது. மேற்கோரப் பாத்தியில் தொடங்கி வரிசையாக நடந்து, முசியே ஷூவைத் தேடிக்கொண்டே கிழக்கோரம் வரைக்கும் போனார்கள். ஐந்து பேரின் பூட்சிலும் சேறு அப்பியிருந்தது. கிழக்கோரத்தில் நாலு பாத்திகள் அதுவரைக்கும் சுத்தமாக இருந்தன. அந்தப் பக்கத்துக்கு வாய்க்கால் வேறு. அம்மா அங்கே போகும்போது கால் கழுவிக்கொண்டுதான் போவாள். "ஐயா, அந்தப் பக்கம் மட்டும் மிதிக்காதீங்க, மண்ணுலதான் இருக்குதாம்" என்று அவர்கள் பின்னாலேயே ஓடினாள்.

"நாங்க நோவைத் தடுக்க வந்தவங்கம்மா" என்றார் காத்தவராயன் சற்று மனம் நொந்து. "எங்களாலயா பரவும்?" ஒரு செடியின்மேல் காலை வைத்துப் பூட்சின் சேற்றைத் தேய்த்து உதிர்த்தார். "அவரு ஓடிட்டாரு போல. நோயாளி தலைமறைவுன்னு எழுதிக்கறேன்."

பத்து நாளில் கிழக்கோரத்துச் செடிகளும் ஒரு பக்கமாக முகம் கோணின.

அதன் பிறகு ஆசுபத்திரியிலிருந்து முசியே ஷூவின் பெயருக்கு அழைப்புகள் வந்தன. முதல் அழைப்பில் உடனே வரவேண்டும் என்றிருந்தது. இரண்டாவதில் கண்டிப்பாக. மூன்றாவதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அதற்கும் அடுத்து வந்த காகிதத்தை நான் அம்மாவின் காதில் படித்தேன். மூன்று அழைப்புக்கும் வராத நோயாளி காலமானவராகக் கருதப்படுவார் என்றும், உறவினர் வந்து மரணத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் இருந்தது.

அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி தனக்கொடி, செத்தவருக்குக் காகிதம் குடுப்பாங்க இல்ல?"

"குடுப்பாங்கம்மா. மரண சர்டிபிகேட்."

"அதுல இன்னா நோவுல செத்தாருன்னு போடுவாங்களா?"

"போடுவாங்க."

"எங்க செத்தாருன்னு?"

"அதையும் போடுவாங்க."

"நம்ம நிலத்துல, மஞ்ச நோவுலன்னு சர்க்கார் முத்திரையோட வரும்" என்றாள் அம்மா. "ஜானகிராமன் கேட்டது அதுதானே. நோவோட பேரு போட்ட காகிதம்."

இரண்டு மாதத்தில் அவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவைப் பார்த்தேன். அந்த ஆபீசுகளில் அலைந்து அலைந்து அவளுக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது என்று எனக்குப் பயமாக இருந்தது.

மரணம் பதியும் ஆபீசில் இருந்தவர் சுப்பிரமணியன். அவர் அம்மாவுக்கு நாற்காலி போட்டுத் துக்கம் விசாரித்தார்.

"உங்களுக்கு அவரு இன்னா உறவு?"

"வளர்த்தேங்க" என்றாள் அம்மா.

"அறுபது வயசுக்காரரையா?"

"நாத்துல இருந்துங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்காததை எழுதக்கூடாது என்பதால் 'வளர்ப்பு' என்று மட்டும் எழுதினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு சிக்கல் இருக்குதும்மா. பேரைப் பார்த்தா அந்நிய தேசத்தாரு. அவரை நாங்களா சாகடிச்சுட முடியாது. அடக்கம் பண்ண இடத்தைத் துபாஷி நேர்ல பார்த்து, பிரெஞ்சுல வாக்குமூலம் எழுதி, முத்திரை போடணும். போட்டா அன்னிக்கே சர்டிபிகேட். மாசி ஒண்ணாந்தேதி காலையில அனுப்பறேன். பரவாயில்லையா?"

"அன்னிக்குத்தாங்க வேணும்" என்றாள் அம்மா.

தை கடைசி நாள் அப்பா மில்லுக்குப் போகவில்லை. மூன்று பேருமாகச் செடிகளையெல்லாம் பிடுங்கினோம். ஒரு கோஸ்கூட வெட்டும்படி இல்லை. உருண்டை கட்டிய ஒருசிலவும் கைக்கு அடங்கும் அளவில் நின்று, வெளி இலைகள் உதிர்ந்து, உள்ளே கசந்துபோயிருந்தன. ஈரமாக இருந்ததால் எரிக்க முடியவில்லை. மேற்கு மூலையில் குழி வெட்டிப் போட்டு மண் தள்ளினோம். அப்பா மண்வெட்டியைக் கழுவும்போது, "பேரு நாளைக்குக் கெடச்சுடுமா?" என்றார். அம்மா தலையை ஆட்டினாள்.

மாசி ஒன்றாம் தேதி காலையில், அப்பா மில்லுக்குப் போனபின், முதலில் ஜானகிராமன் வந்தார். அளக்கும் சங்கிலியைச் சைக்கிளில் மாட்டிக் கொண்டுவந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் துபாஷி நாராயணசாமி ரிக்ஷாவில் வந்து இறங்கினார். துக்க வீடு என்பதற்காகக் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். தோல் பையில் முத்திரையும் மைப்பெட்டியும் இருந்தன. வரப்பில் விழுந்துவிடாமல் கவனமாக நடந்து வந்து தொப்பியைக் கழற்றினார்.

"அடக்கம் எங்க?"

அம்மா குழியைக் காட்டினாள். அவர் குழியருகில் ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றார். பிறகு ஒரு காலை வரப்பின்மேல் ஊன்றி, காகிதத்தை எடுத்து முழங்கால்மேல் வைத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, "சிலுவை, கல்லு ஒண்ணும் வைக்கலியா? எந்த மதம்?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"பெட்டியில வச்சீங்களா?"

"இல்லீங்க. அப்படியே தள்ளிட்டோம்."

துபாஷி நிமிர்ந்தார். "ஒரு கனவானை அப்படியேவா தள்ளுனீங்க?"

அம்மா குனிந்து மண்ணை ஒரு கையால் ஒதுக்கினாள். ஒரு செடியைத் தண்டோடு பிடித்து வெளியே இழுத்தாள். மண்ணை உதறி அவர் முன்னால் நீட்டினாள்.

"இவருதாங்க" என்றாள். "இன்னும் எண்ணூறு பேரு உள்ள இருக்காங்க."

துபாஷி காகிதத்தைப் பைமேல் வைத்துவிட்டு, செடியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். முதலில் கோஸைப் பார்த்தார். பிறகு ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகியிருந்த இலைகளைப் பார்த்தார். பிடுங்கும்போது தண்டு கிழிந்திருந்தது. கிழிசலில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. அதை விரலால் தடவிப் பார்த்தார். விரலைப் பார்த்தார். குழியைத் திரும்பிப் பார்த்தார். அங்கங்கே மண்ணுக்கு வெளியே இலைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஜானகிராமன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க படிச்சவங்க முசியே. ஒரு வார்த்தை சொன்னா போதும். இது நோவா, காய வுட்டதா? நோவுன்னா இப்பவே சங்கிலியச் சுருட்டிக்கிட்டுப் போயிடறேன். எனக்கு இவங்கமேல விரோதம் இன்னா இருக்குது? பாரீசுக்கு ஒரு கடுதாசி எழுதணும், அவ்வளவுதான். முத்திரைகூட வேணாம். வாயால சொல்லுங்க."

அம்மா துபாஷியின் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வார்த்தையைச் சொன்னால், வேளாண்மை, ஆசுபத்திரி, சுகாதாரம், மரணப் பதிவு என்று நான்கு ஆபீசுகளில் இருக்கும் அவருடைய முத்திரை பொய்யாகும். சொல்லாவிட்டால் எங்களுக்கு நிலம் போகும். அவர் வெகுநேரம் யோசித்ததுபோல எனக்குத் தோன்றியது. உண்மையில் அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

செடியை வரப்பின்மேல், ஒரு குழந்தையைப் படுக்க வைப்பதுபோல, மெதுவாக வைத்தார். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். எழுதிய காகிதத்தை முத்திரை குத்தாமலே நான்காக மடித்துக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார். தோல் பையின் வாரை மாட்டினார்.

"முசியே" என்றாள் அம்மா.

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். ஜானகிராமன் இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, சங்கிலியின் ஒரு முனையை எடுத்து, பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். துபாஷி வந்த வழியிலேயே, வந்ததைவிடக் கவனமாக வரப்பில் அடி வைத்து நடந்தார். ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்தார். ரிக்ஷாக்காரன் எங்கே போகவேண்டும் என்று கேட்டான். அதற்கும் அவர் வாயைத் திறக்காமல், நகரத்தின் பக்கம் கையை மட்டும் காட்டினார்.